தேர்தலில் நிற்காதவருக்கும் நாடாளுமன்றத்தில் வேலை உண்டு

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தங்கள் மகள் அரசியல் அறிவியல் படிக்க விரும்புவதாகவும், தேர்தலில் நிற்காதவருக்கு நாடாளுமன்றத்தில் என்ன வேலை கிடைக்கும் என்று தங்களுக்குப் புரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மக்களவையின் 543 உறுப்பினர்களும் மாநிலங்களவையின் 245 இடங்களும்தான் தொலைக்காட்சியில் தெரிகின்றன என்பதால் இந்தக் கவலை இயல்பானதே. ஆனால் ஒரு மசோதாவுக்காக உழைப்பவர்களில் பலருக்கு அவையில் வாக்களிக்கும் உரிமையே கிடையாது.

ஓர் அமைச்சகம் ஒரு கொள்கையைச் சட்டமாக்க முடிவு செய்ததும், சட்ட அமைச்சகத்தின் சட்டமியற்றல் துறையில் உள்ள வரைவாளர்கள் அதைப் பிரிவு பிரிவாக எழுதுகிறார்கள். ‘செய்யலாம்’ என்று எழுதுவதா, ‘செய்ய வேண்டும்’ என்று எழுதுவதா என்பதில் ஓர் அதிகாரியின் கடமையே மாறிவிடும். பிறகு ஒவ்வோர் அவையிலும் மூன்று வாசிப்புகள் (அறிமுகம், விவாதம், இறுதி வாக்கெடுப்பு), அதன்பின் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். வரி, அரசுச் செலவு பற்றிய பண மசோதாவை மட்டும் மாநிலங்களவை தடுக்க முடியாது. 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும்.

என் கணிப்பில், மசோதாவை உண்மையாக ஆராயும் வேலை, இரு அவை உறுப்பினர்களும் சிறு குழுவாக அமர்ந்து அதை அலசும் நிலைக்குழுக்களில்தான் நடக்கிறது. துறைசார் நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். திருநர் உரிமை மசோதாவையே பாருங்கள். திமுகவின் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) 2015இல் மாநிலங்களவை நிறைவேற்றியும் அது சட்டமாகவில்லை. 2016இல் அரசு கொண்டுவந்த மசோதாவோ, திருநரை ‘முழுமையாக ஆணும் அல்லாத, பெண்ணும் அல்லாத’ என்ற தொனியில் வரையறுத்தது. நிலைக்குழு சாட்சியங்களைக் கேட்டு, 2017இல் அந்த வரையறையை மாற்றச் சொன்னது. 2019இல் வந்த சட்டம், பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலினத்தோடு தம் பாலினம் பொருந்தாதவர் என்று வேறு விதமாகத் தொடங்கியது. எல்லா மசோதாக்களும் இவ்வாறு குழுவுக்கு அனுப்பப்படுவதில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

இத்தகைய குழுக்களுக்குக் குறிப்பு தயாரிப்பதும், அறிக்கையை எழுதுவதும் செயலகப் பணியாளர்களின் வேலை. அரசியலமைப்பின் 98ஆவது பிரிவின்படி இரு அவைகளுக்கும் தனித்தனிச் செயலகங்கள் உண்டு; ஆய்வாளர், அவைக் குறிப்பெடுப்பவர், மொழிபெயர்ப்பாளர் எனப் பல பதவிகளுக்கு அச்செயலகங்கள் போட்டித் தேர்வு நடத்துகின்றன. வரைவாளராக வேண்டுமென்றால் சட்டப் பட்டமும் சில ஆண்டுத் தொழில் அனுபவமும் தேவை. ஆகவே அரசியல் அறிவியலில் இளங்கலை முடித்து, பிறகு மூன்றாண்டுச் சட்டம் படிப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். பதினேழு வயதிலேயே வழக்கறிஞர் தொழிலை உறுதி செய்துகொண்டவர்களுக்குத்தான் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு பொருந்தும். நான் சொன்ன வழியிலோ, இடையில் மனம் மாறினாலும் முதல் பட்டம் கையில் இருக்கும்.

சேர்க்கைக்கு முன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். 2016 மசோதாவையும் 2019 சட்டத்தையும் அச்செடுத்துக் கொடுத்து, இரு வரையறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகும் அடுத்த பிரிவைப் புரட்டினார் என்றால், தயங்காமல் விண்ணப்பியுங்கள். பாதியிலேயே அலுப்புத் தட்டினால் எனக்கு எழுதுங்கள், வேறு படிப்புகளைப் பற்றிப் பேசுவோம்.