கூர்நோக்கு இல்லத்தில் இருந்த பையன் குழந்தைகள் உரிமைப் பணிக்கு வர முடியுமா?

கேள்வி: மகனுக்கு 19 வயது. 16 வயதில் ஓர் அடிதடி வழக்கில் சில மாதம் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. “அங்க இருக்கற பசங்களுக்காக வேலை பார்க்கணும்” என்கிறான். வழக்கு இருந்தவனை யார் சேர்ப்பார்கள்?

பதில்: சேர்ப்பார்கள் அம்மா. ஆனால் கல்லூரி விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு காகிதம் வேண்டும்: சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் இறுதி ஆணை, சான்றிட்ட நகலாக. ஜாமீன் கிடைத்ததையே வழக்கு முடிந்ததாக நினைத்து வாய்தாவுக்குப் போகாமல் விட்ட குடும்பங்கள் ஏராளம். விசாரணை 4 மாதத்தில், நீட்டித்தால் மேலும் 2 மாதத்தில் முடிய வேண்டும் என்பது சட்டம். ஆனால் கெடு தாண்டினால் முடித்துவைக்கப்படுவது சிறு குற்ற வழக்குகள் மட்டும்தான். வழக்கு எண்ணோடு குழுமத்தில் போய்க் கேளுங்கள். நிலுவையில் இருந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். உதவி எண் 15100.

வழக்கு முடிந்திருந்தால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு உங்கள் பக்கம். குற்றம் செய்ததாக முடிவானாலும் அதனால் எந்தத் தகுதியிழப்பும் வராது. 16 வயது முடிந்தபின் கொடிய குற்றம் செய்ததாகக் குழந்தைகள் நீதிமன்றம் பெரியவராக விசாரித்துத் தீர்ப்பளித்தவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. முடிந்த வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றிதழுக்காகப் போலீஸ் வெளியிடக் கூடாது என்கிறது 74ஆம் பிரிவு. மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வேலை தொடர்பான வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றமும், சிறுவயது வழக்கை வேலைக்குத் தடையாக்கக் கூடாது என்றது.

மத்திய மாதிரி விதிகளின்படி பதிவுகள் 7 ஆண்டுக்குமேல் வைக்கப்படாமல் அழிக்கப்பட வேண்டும். ஸ்டேஷன் கணினியில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் மறுத்துக் காட்ட உங்களிடம் நகல் இருக்கட்டும். விண்ணப்பங்களில் “நிலுவையில் வழக்கு உண்டா”, “தண்டனை பெற்றதுண்டா” என்பவை வெவ்வேறு கேள்விகள். ஒவ்வொன்றையும் வழக்கறிஞரிடம் காட்டியே நிரப்பச் சொல்லுங்கள்.

இனி படிப்பு. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் +2 எழுதலாம். சட்டம் படிக்கும் எண்ணம் இருந்தால் ஒரு குழியைப் பார்த்து நடக்க வேண்டும்: +2 இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டத்தைச் சட்டப் படிப்புக்கு இந்திய பார் கவுன்சில் ஏற்காது. மூன்று வருடம் படித்து முடித்தபின் இதைத் தெரிந்துகொள்பவர்கள் உண்டு. ஐந்தாண்டுப் படிப்புக்குப் பொதுப்பிரிவில் +2வில் 45 சதவீதமாவது வேண்டும்.

எல்லோரும் வக்கீல் ஆக வேண்டியதில்லை. எங்கள் கணிப்பில் இந்தப் பையனுக்குச் சமூகப்பணி இளங்கலைதான் பொருத்தம்; அதன்பின் முதுகலையும் முடித்தால் குழுமத்திலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்), சமூகப்பணியாளர் வேலைகளுக்குப் போகலாம். களப்பணியாளருக்கு +2 போதும். ஆனால் இவை ஒப்பந்த வேலைகள். தொகுப்பூதியம் குறைவு என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். குழும உறுப்பினராக வேண்டுமென்றால் குழந்தைகள் நலப் பணியில் 7 ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும், அல்லது உளவியல், சமூகவியல், சட்டம் போன்ற துறையில் பட்டத்தோடு தொழில் செய்பவராக இருக்க வேண்டும்.

படிக்கும்போதே சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராக விண்ணப்பிக்கட்டும். பத்தாம் வகுப்பு போதும். அங்கே கற்க வேண்டிய முதல் வித்தை, வயதைப் பார்ப்பது. பிடிபட்ட பையன் பதற்றத்தில் “பத்தொன்பது” என்றால் அப்படியே எழுதி, பெரியவர்கள் சிறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். 94ஆம் பிரிவின்படி முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று. அது இல்லையென்றால் உள்ளாட்சிப் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. பள்ளிக்கு ஓடிப் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றை அன்றைக்கே வாங்கி வரும் தன்னார்வலர், நீண்ட வாதத்தைவிட அதிகம் சாதிப்பார்.

மேடைகளில் “உன் கதையைச் சொல்” என்று கூப்பிடுவார்கள். படிப்பு முடியும்வரை வேண்டாம். இணையத்தில் ஏறிய வீடியோவை 24ஆம் பிரிவு அழிக்காது. கூட இருந்த பையன்களின் பெயரை வெளியிட்டால் 74ஆம் பிரிவின்படி 6 மாதம்வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

இல்லத்திலிருந்து வெளியே வந்தவர்களுக்கு 18 முதல் 21 வயதுவரை பின்பராமரிப்பு நிதியுதவி பெற வழியுண்டு. 18 வயதுக்கு முன்பே வெளியே வந்த உங்கள் மகனுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள்; பொருந்தினால் இன்னும் சுமார் இரண்டு வருடம்தான். இந்த வாரமே ஆணை நகல், ஆதார், மதிப்பெண் சான்றோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.