சமீபத்தில் படித்த அறிவியல் புனைவு, மாயப் புனைவு நாவல்களில் எது மனதில் நின்றது?

லாரன் பியூக்ஸ் எழுதிய 'சூ சிட்டி'. 2010-இல் வந்தது, மறு ஆண்டு அறிவியல் புனைவுக்கான ஆர்தர் சி. கிளார்க் விருது வாங்கியது. நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில்; இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்துத்தான் படித்தேன்.

கதை நடப்பது ஜோஹன்னஸ்பர்க்கில். பெரிய குற்றம் செய்தவரிடம் ஒரு விலங்கு வந்து ஒட்டிக்கொள்ளும், கூடவே ஒரு சக்தியும் வரும். நாயகி ஜின்ஸிக்கு வாய்த்தது ஸ்லாத், மரத்தில் தொங்கிக் கிடக்குமே அந்தச் சோம்பேறிப் பிராணி. பிறர் தொலைத்த பொருளைக் கண்டுபிடிப்பது அவள் சக்தி. விலங்கை விட்டு விலகிப் போனால் தாங்க முடியாத வலி. இந்த ஒரு விதியை வைத்தே வேலை, காதல், போலீஸ் என்று எல்லாவற்றையும் கதைக்குள் இழுத்துவிடுகிறார். மாயம் இருக்கட்டும், பழைய கடனை அடைக்க அவள் மோசடி மின்னஞ்சல் எழுதித் தருகிற பகுதிகள்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தன. முடிவு நெருங்கும்போது ரத்தமும் ஓட்டமும் கொஞ்சம் அதிகம். அக்காவிடம் சொன்னால், "ஜோபர்க்னா அப்படித்தான்ப்பா" என்று சிரிக்கிறார்.

பியூக்ஸின் 'மாக்ஸிலேண்ட்' (2008) கேப் டவுன் கதை. போலீஸ் நினைத்தால் உங்கள் கைபேசி வழியாகவே ஷாக் கொடுக்கலாம். யோசனை பிரமாதம், ஆனால் நாலு பேர் மாற்றி மாற்றிக் கதை சொல்வதில் யாரோடும் ஒட்ட முடியவில்லை.

அப்புறம் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை மறுபடி எடுத்தேன். பிள்ளை பெறவே அரசிடம் அனுமதி வாங்க வேண்டிய ஜீவாவின் ஆட்சி இன்றும் உறுத்துகிறது. எண்பதுகளின் தொடர்கதை என்பதால், 'தொடரும்' போடத் தோதாக அத்தியாயங்கள் திடுக்கிட்டு முடிவது இப்போது அப்பட்டமாகத் தெரிகிறது. ஜீனோ மட்டும் பழசாகவே இல்லை. புத்தகம் படிக்கிற, கிண்டல் பேசுகிற இயந்திர நாய். அக்காவின் பேரனுக்குத் தமிழ் வாசிக்க வராது, வீட்டில் இங்கிலீஷ்தான். அதனால் வாயாலேயே கதை சொன்னேன். ஜீவாவைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. ஜீனோவுக்குச் சார்ஜ் தீர்ந்தால் என்ன ஆகும் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டான். லோட் ஷெடிங் என்கிற மின்வெட்டில் வளர்ந்த பிள்ளை, வேறென்ன கேட்பான்!

அடுத்து மசாண்டே இண்ட்ஷாங்காவின் 'ட்ரயாங்குலம்' (2019) எடுத்து வைத்திருக்கிறேன். படித்தவர்கள் யாராவது இருந்தால் முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.