வீட்டு எஸ்பிரஸ்ஸோ மெஷினில் ஸ்டீம் வாண்ட் அடைத்துக்கொண்டால் எப்படிச் சரிசெய்வது?

ஸ்டீம் வாண்டில், அதாவது பாலை நுரைக்க வைக்கும் அந்த நீராவிக் குழாயில், நீராவி மெல்லிசாக ஒரு பக்கமாய்ச் சீறுகிறது, நுரை எழவில்லை, வினிகரில் ஊறவைத்தும் பலனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வினிகரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நானும் முதலில் அதைத்தான் செய்தேன். அடைப்பு இன்னும் இறுகியதுதான் மிச்சம்.

பாலில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும்? திரிந்துபோகும். பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதம், பி.எச். அளவு 4.6-ஐ நெருங்கும்போது கரைந்திருக்க முடியாமல் கட்டி கட்டியாகப் பிரிந்துவிடுகிறது. வாண்டின் முனைக்குள் காய்ந்து கிடந்த பாலுக்கு நான் வினிகரைக் கொடுத்தேன். அதாவது உள்ளேயே திரிய வைத்தேன். வினிகரும் சிட்ரிக் அமிலமும் தண்ணீரிலிருந்து வரும் உப்புப் படிவுக்கான மருந்து. பால் புரதத்துக்கும் கொழுப்புக்கும் காரத்தன்மை உள்ள கிளீனர் வேண்டும். மருந்து நேர் எதிர் என்பதால், உள்ளே இருப்பது பாலா உப்பா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. மெஷின் சூடாக இருக்கும்போது முனைக்குள் ஊசி விடாதீர்கள், ஸ்பேனரும் போடாதீர்கள். பாய்லரில் 1 பார் அழுத்தத்தில் இருக்கும் நீராவியின் வெப்பம் சுமார் 120 டிகிரி செல்சியஸ். கொதிநீர் பட்டதைப் போலத்தானே என்று நினைக்க வேண்டாம். ஒரு கிராம் கொதிநீர் தோலில் பட்டு உடல் சூட்டுக்கு இறங்கும்போது 60 கலோரி சொச்சம் வெப்பத்தைத்தான் தருகிறது. ஒரு கிராம் நீராவியோ, தண்ணீராக மாறும் அந்த நொடியிலேயே சுமார் 540 கலோரியைக் கொட்டிவிடுகிறது. அடைப்பு திடீரென்று விடுபட்டால் அது நேராக உங்கள் விரலைத் தேடித்தான் வரும். மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்டீம் வால்வைத் திறந்து மீதி அழுத்தம் முழுக்க வெளியேறிய பிறகு, தொட்டால் சுடாத அளவுக்கு ஆறும்வரை காத்திருங்கள்.

ஆறியதும் முனையைத் திருகிக் கழற்றுங்கள். கையால் வரவில்லை என்றால், வெந்நீரில் நனைத்த துணியைச் சில நிமிடம் சுற்றி வைத்துவிட்டு, துணியின் மேலேயே ஸ்பேனரைப் பிடித்து மெதுவாகத் திருப்பலாம். உள்ளே சின்னதாய் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது உருண்டு ஓடினால் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு, அதனால் கீழே ஒரு தட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

என் மெஷினில் கழற்றிய அன்று பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. நான்கு துளைகளில் இரண்டைக் காணவே காணோம். முனையின் உட்புறம் முழுக்கப் பழுப்பு மஞ்சளாய், மெழுகு வார்த்ததுபோல் ஒரு பொருக்கு. நகத்தால் சுரண்டினால் தூளாகாமல் வழுவழுப்பாய் நெகிழ்ந்தது, புளித்த வாடை வேறு. அது பால். உப்புப் படிவு இப்படி இருக்காது. வெள்ளையாய், சுண்ணாம்புபோல் சொரசொரப்பாய் இருக்கும், வாடை இருக்காது.

இப்போது முனை இல்லாமலே மெஷினைச் சூடாக்கி, வாண்டை உயரமான காலி ஜக்குக்குள் விட்டு வால்வைச் சிறிதாகத் திறங்கள். ஆரம்பத்தில் வெந்நீர் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நீராவி பலமாக வந்தால் அடைப்பு முனையில்தான் இருக்கிறது. அப்போதும் பலமில்லாமல் மெல்லிசாகவே வந்தால் குழாய்க்குள்ளோ, வால்விலோ, அதற்கும் மேலே பாய்லரிலோ உப்பு படிந்திருக்கலாம். மெஷின் ஸ்டீம் சூட்டுக்கு முழுதாக வருமுன்பே திறந்துவிட்டீர்களா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முனையில் பால் என்றால் வேலை சுலபம். ஒரு கண்ணாடி டம்ளரில் கொதித்து இறக்கிய தண்ணீர், அதில் காபி மெஷினின் பால் பாகங்களுக்கென்றே விற்கும் காரத்தன்மையுள்ள கிளீனர், பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்கு. அது இல்லையென்றால் பாத்திரம் துலக்கும் லிக்விட் போதும், என்ன, ஒரு முறைக்கு இரண்டு முறை ஊறவைக்க வேண்டும். ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டு முனையை மட்டும் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். அலுமினிய முனை என்றால் கடுமையான காரம் வேண்டாம், அது கறுத்து அரித்துப்போகும், சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஊறியபின் துளையைவிட மெல்லிய ஊசியாலோ நிமிர்த்திய பேப்பர் கிளிப்பாலோ, முடிந்தவரை உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள். வெளியிலிருந்து குத்தினால் பொருக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு மறுநாள் வேறொரு துளையை அடைக்கும். பலம்போட்டுக் குடைய வேண்டாம். அந்தத் துளையின் அளவும் சாய்வும்தான் பாலைச் சுழல வைக்கின்றன. துளை ஓரம் கொஞ்சம் பிசிறினாலும் நீராவி தடம் மாறிவிடும். கழுவிவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு துளையும் முழு வட்டமாய்த் தெரிய வேண்டும். ஒன்று பிறைபோலத் தெரிந்தாலும் மறுபடி ஊறப்போடுங்கள்.

மாட்டும்போது வளையத்தை மறக்காமல் வைத்துக் கையால் இறுக்கினாலே போதும்.

முனை கழலாத மாடலாக இருந்தால், வாண்டை ஒரு ஜக் தண்ணீரில் முக்கி இருபது நொடி நீராவி விடுங்கள், எடுத்துத் துடையுங்கள், தண்ணீரை மாற்றி மறுபடி விடுங்கள். காய்ந்த பால் கொதித்துத் தளர்ந்துவிடும். ஆனால் வாண்டைத் தண்ணீரில் முக்கியபடியே மெஷினை அணைத்துவிட்டுப் போய்விடாதீர்கள், கிளீனரில் முக்கவே முக்காதீர்கள். பாய்லர் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். வால்வு கொஞ்சம் தளர்ந்திருந்தால்கூட அந்தத் தண்ணீரை அப்படியே பாய்லருக்குள் உறிஞ்சிக்கொள்ளும்.

அடைப்பு வருவதற்கே மூலகாரணமும் இந்த உறிஞ்சல்தான். வெளியே ஒட்டிய பால் காய்ந்துதான் துளையை மூடுகிறது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். நடப்பது வேறு. நீராவி தண்ணீராகக் குளிரும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு சுருங்குகிறது. வால்வை மூடிய மறுகணம், வாண்டுக்குள் மிச்சமிருக்கும் நீராவி சுருங்கி, முனை இன்னும் பாலுக்குள் இருந்தால் பாலை மேலே இழுத்துக்கொள்கிறது. சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள்: வால்வை மூடி, வாண்டைப் பாலிலேயே விட்டு ஐந்து எண்ணுங்கள். பிறகு வெளியே எடுத்து ஒரு காலி டம்ளருக்குள் திறங்கள். முதல் துப்பலே வெள்ளையாக வரும். அந்தப் பால்தான் சூட்டுக் குழாய்க்குள் நாள்தோறும் ஏடு ஏடாகப் படிகிறது. வெளியே எவ்வளவு பளபளவென்று துடைத்து வைத்தாலும் இதற்கு உதவாது.

அதனால் வால்வை மூடியதும் ஜக்கை உடனே கீழே இறக்கி, ஈரத்துணியால் வாண்டைத் துடைத்து, அதே கையோடு இரண்டு நொடி நீராவியை ஊதி வெளியேற்றிவிடுங்கள். துடைப்பது முதலா, ஊதுவது முதலா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் துடைத்துவிட்டுத்தான் ஊதுவேன், ஏனென்றால் ஊதும் சூட்டில் வெளிப்பால் காந்திப்போகிறது. இரண்டும் ஐந்து நொடிக்குள் முடிந்துவிட வேண்டும், அதுதான் முக்கியம். அந்தத் துணியை வேறெதற்கும் எடுக்காதீர்கள். பாலை 60, 65 டிகிரியோடு நிறுத்துவதும் உதவும். 70-ஐத் தாண்டினால் பாலில் உள்ள வே (whey) புரதங்கள் விரிந்து சூடான உலோகத்தில் பற்றிக்கொள்ளத் தொடங்கிவிடும்.

உங்கள் வாண்டின்மேல் உறைபோல ஒரு குழல் மாட்டியிருந்தால், அதன் மேற்பகுதியில் ஊசிமுனை அளவு காற்றுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். நீராவி நன்றாக வந்தும் நுரை மட்டும் எழவில்லை என்றால் அடைத்திருப்பது அதுதான். உறையைத் தினமும் உருவிக் கழுவினால் தீர்ந்தது.

உப்புதான் காரணம் என்று உறுதியானால் மட்டும் டீஸ்கேல் செய்யுங்கள், அதாவது அமிலக் கரைசல் விட்டு உப்பைக் கரையுங்கள், அதுவும் பாலை முழுக்க எடுத்த பிறகு. கரைசலில் ஒரு பகுதியை வாண்டு வழியாகவும் விடுங்கள். உங்கள் மெஷினின் கையேடு சொல்லும் கரைசலையே வாங்குங்கள், சில பாய்லர்கள் அலுமினியம்.

எல்லாம் மாட்டியாயிற்றா? பாலை வீணாக்க வேண்டாம். ஜக்கில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, பாத்திர லிக்விட் ஒரே ஒரு சொட்டு விட்டு நீராவி கொடுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட பாலைப்போலவே நுரைக்கும். தண்ணீர் நடுவில் குழிந்து ஒரே சீராகச் சுழன்றால் எல்லாத் துளைகளும் திறந்துவிட்டன. ஒரு பக்கமாய்க் குதித்துப் பெரிய பெரிய குமிழ் விட்டால் இன்னும் ஒரு துளை பாக்கி. கடைசியாக வெறும் தண்ணீரில் இரண்டு முறை ஊதிவிடுங்கள், அந்தச் சோப்புத் தண்ணீரையும் வாண்டு கொஞ்சம் உறிஞ்சியிருக்கும்.