மின்மினி எண்ணும் குடும்பங்களின் கேள்விகளுக்குப் பதில்

ஒன்பது ஆண்டுகளாக ஒரே புல்வெளியின் ஓரத்தில் அமர்ந்து மின்மினிகளை எண்ணிவருகிறேன். தொடங்கியபோது என் மடியிலேயே தூங்கிப்போன மகன் இப்போது என்னைவிட வேகமாக எண்ணுகிறான். இந்தப் பருவத்தில் குடும்பத்தோடு எண்ணத் தொடங்கியவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் எங்களுக்கு இரண்டு பெண்கள். வீட்டில் யாரும் அறிவியல் படித்தவர்கள் இல்லை. எங்களாலும் முடியுமா? என்னென்ன வாங்க வேண்டும்?

எதையும் வாங்க வேண்டாம். ஒரு நோட்டு, பென்சில், நொடிமுள் உள்ள கடிகாரம், சிவப்பு நிறத் தாள் சுற்றிய சிறிய டார்ச் போதும். அந்த டார்ச்சும் வழி நடக்க மட்டுமே. தரையைப் பார்த்துப் பிடியுங்கள், எண்ணும்போது அணைத்துவிடுங்கள்.

யோசித்துச் செய்ய வேண்டிய வேலை இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான். மின்மினி அதிகம் தெரியும் இடத்தைத் தேடி ஊர் சுற்றாதீர்கள். அலுப்பில்லாமல் வாரந்தோறும் போய்வரக்கூடிய இடமாகப் பாருங்கள். வீட்டுப் பின்புறமாக இருந்தாலும் சரிதான். அமெரிக்காவில் 2008-ல் தொடங்கிய, பொதுமக்கள் மின்மினி எண்ணி அனுப்பும் ஃபயர்ஃபிளை வாட்ச் திட்டம் குடும்பங்களிடம் கேட்பதும் இவ்வளவே: ஒரே இடம், வாரம் ஒருமுறை, பத்து நிமிடம்.

போனதும் எண்ணத் தொடங்கிவிட வேண்டாம். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். இடையில் ஒருவர் கைபேசியைத் திறந்தால் மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கைபேசிகளை உள்ளே வைத்துவிட்டுத்தான் கிளம்புவோம்.

கேள்வி: நேற்று நான் 14 என்று எழுதினேன், என் மகள் 31 என்று எழுதினாள். ஒரே இடம், ஒரே நேரம். யார் சொல்வது சரி?

இருவரும் சரியாகவே எண்ணியிருப்பீர்கள், ஆனால் வெவ்வேறு பொருளை எண்ணியிருப்பீர்கள். ஒரு மின்மினி இங்கே ஒளிர்ந்து, இருட்டில் சிறிது தூரம் பறந்து, அங்கே மீண்டும் ஒளிரும். மகள் மின்னலை, அதாவது ஒவ்வொரு ஒளிர்வையும், எண்ணினாள், நீங்கள் பூச்சியை எண்ண முயன்றீர்கள். இரண்டுமே பயனுள்ள எண்கள்தான். ஒன்றோடொன்று கலந்துவிட்டால் இரண்டுமே பாழாகும்.

ஆகையால் முதலில் எதை எண்ணப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். குழந்தைகளுக்கு மின்னலை எண்ணுவதே எளிது. நிற்கும் இடம், பார்க்கும் திசை, இடப்பக்க எல்லை, வலப்பக்க எல்லை ஆகியவற்றை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டு மரங்களை எல்லையாக வைத்திருக்கிறோம். தலையைத் திருப்பாமல் பத்து நொடி எண்ணுங்கள். சற்று இடைவெளி விட்டு இன்னொரு பத்து நொடி, பிறகு மூன்றாவது பத்து நொடி. மூன்று எண்களையும் தனித்தனியே எழுதுங்கள். சராசரி போட வேண்டாம். மூன்றுக்கும் உள்ள வேறுபாடே ஒரு தகவல், சராசரி அதை விழுங்கிவிடும்.

எழுதி முடிக்கும்வரை யாரும் தன் எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். அப்பா 14 என்றதும், 31 எண்ணிய பிள்ளை தயங்கி 17 என்று எழுதிவிடும். எண்ணியவர் பெயரையும் பக்கத்தில் குறியுங்கள். எண்ண முடியாத அளவு இருந்தால் '50-க்கு மேல்' என்று எழுதலாம். 'நிறைய' என்று எழுதாதீர்கள். அந்தச் சொல்லைப் போன ஆண்டோடு ஒப்பிட வழியே இல்லை.

வெப்பநிலையையும் மறக்காமல் குறியுங்கள். வெப்பம் கூடினால் ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் உள்ள இடைவெளி குறையும். அதே எண்ணிக்கையிலான பூச்சிகள் ஒரு வெப்பமான இரவில் அதிக மின்னல்களைக் காட்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் ஆண்டு நான் 'மின்மினி பெருகிவிட்டது' என்று மகிழ்ந்தேன்.

கேள்வி: மூன்று வாரமாகப் போகிறோம். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள். நிறுத்திவிடலாமா அக்கா?

நிறுத்தாதீர்கள். உங்கள் நோட்டில் மூன்று சுழியங்கள் இருக்கின்றன அல்லவா? அந்த மூன்றையும் நீங்கள் பதிவு அனுப்பும் திட்டத்துக்கு அனுப்புங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மின்மினி தெரிந்த இரவை எல்லோரும் பதிவு செய்கிறார்கள். தெரியாத இரவை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். விளைவு, ஏட்டைப் பார்த்தால் எங்கும் மின்மினி நிறைந்திருப்பது போலத் தெரியும். ஓர் இடத்தில் பூச்சி இல்லாமல் போயிற்றா, அல்லது பார்க்க ஆள் போகவில்லையா? சுழியம் எழுதியவர் இருந்தால்தான் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியும். பருவம் எப்போது தொடங்கியது என்பதும் அப்படித்தான். முதல் மின்மினிக்கு முந்தைய வாரத்துச் சுழியம் இல்லாவிட்டால், அது முதல் மின்மினிதான் என்பதற்கு உத்தரவாதம் ஏது?

பிள்ளைகளிடம் இதை ஒரு வேலையாகச் சொல்லுங்கள்: 'இன்று இல்லை என்று உறுதியாகச் சொல்ல நாம் போகிறோம்.' என் மகன் ஐந்து வயதில் சுழியத்தைப் பெரிதாக வரைந்து, உள்ளே வண்ணமும் தீட்டினான். அந்தப் பக்கத்தை இன்றும் வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். முழுநிலா ஒளி, காற்று, குளிர் இவற்றில் மின்மினிகள் அடங்கியிருக்கும். சுழியத்தின் பக்கத்தில் நிலா, காற்று, மழை ஆகியவற்றைக் குறித்துவிட்டால் அந்தச் சுழியத்துக்கு இன்னும் பொருள் கூடும்.

கேள்வி: நான் நான்காம் வகுப்புப் படிக்கிறேன். மின்மினி ஏன் விட்டு விட்டு எரிகிறது? தூக்கணாங்குருவி அதைக் கூட்டில் ஒட்டி விளக்காக வைக்குமாமே, உண்மையா?

கண்ணா, மின்மினி ஒரு வண்டு. அதன் வயிற்றின் நுனியில் லூசிஃபெரின் என்ற பொருள் இருக்கிறது. லூசிஃபெரேஸ் என்ற நொதியின் உதவியோடு அது ஆக்சிஜனுடன் சேரும்போது ஒளி வருகிறது. அந்த ஒளியில் சூடு ஏறக்குறைய இல்லவே இல்லை.

விட்டு விட்டு எரிவது பேச்சு. பல இனங்களில் ஆண் பறந்தபடியே 'நான் இங்கே' என்று மின்னும். புல்லில் அமர்ந்திருக்கும் பெண் சற்றுப் பொறுத்துப் பதில் மின்னும். எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பதும் இனத்துக்கு இனம் வேறு. அமெரிக்காவில் பரவலாக இருக்கும் ஃபோட்டினஸ் பைராலிஸ் இனத்தில் ஏறக்குறைய இரண்டு நொடி. ஃபோட்டூரிஸ் என்ற வேறு வகைப் பெண் இந்தப் பதிலைப் பார்த்து நடித்து, நம்பி வரும் ஆணைப் பிடித்துத் தின்றுவிடும். இதை ஜேம்ஸ் லாயிட் என்ற அறிஞர் 1965-ல் எழுதினார்.

தூக்கணாங்குருவி கூட்டினுள் களிமண்ணை ஒட்டிவைப்பது உண்மை. அதில் மின்மினியைப் பதிப்பது கதை. மின்மினி விடாமல் எரியும் விளக்கு இல்லையே, அது நினைத்தால்தானே மின்னும்!

கேள்வி: பாட்டிலில் பிடித்து வைத்துக் காலையில் விடலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. வளர்ந்த மின்மினியின் வாழ்வே பெரும்பாலும் சில வாரங்கள்தான். ஓர் இரவு அதற்குச் சிறு இழப்பு இல்லை. பிள்ளை கையில் வந்து அமர்ந்தால் பார்க்கட்டும், கடிக்காது, கொட்டாது. வாயில் மட்டும் போடக் கூடாது. பல இனங்களின் உடலில் நச்சுப்பொருள் உண்டு. வளர்ப்புப் பல்லிகள் மின்மினியைத் தின்று இறந்திருக்கின்றன.

கேள்வி: தரையில் ஏதோ ஒன்று மின்னாமல், நிலையாக மங்கலாக ஒளிர்ந்தது. அதையும் எண்ணலாமா?

அருமையான கண்! எண்ணுங்கள், ஆனால் தனி வரியில். அது மின்மினியின் புழுவாக இருக்கலாம், அல்லது இறக்கையில்லாத பெண்ணாக இருக்கலாம். மின்மினிப் புழுக்கள் எல்லாமே ஒளிரும். மண்ணிலும் சருகிலும் ஓராண்டு, சில இனங்களில் இரண்டாண்டு வாழ்ந்து, நத்தையையும் மண்புழுவையும் தின்று வளர்பவை அவை. நாம் பார்க்கும் பறக்கும் மின்மினி அந்த நீண்ட வாழ்வின் கடைசி அத்தியாயம்.

இதனால்தான் புல்லுக்குள் இறங்கி நடக்காதீர்கள் என்கிறேன். பாதையிலேயே நில்லுங்கள். பாம்புக்கு அஞ்சியும் அதுவே நல்லது. மூடிய காலணி அவசியம்.

கேள்வி: எங்கள் இடத்தருகே தெருவிளக்கு இருக்கிறது. இது கணக்கைக் கெடுக்குமா?

கெடுக்காது, அதையும் பதிவில் சேருங்கள். விளக்கு எவ்வளவு தூரம், எந்த நிறம், எத்தனை மணிக்கு அணைகிறது என்று எழுதுங்கள். ஒளியால் பேசும் உயிருக்கு நம் விளக்கு பேரிரைச்சல் போன்றது. உலகெங்கும் உள்ள மின்மினி வல்லுநர்களைக் கேட்டு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், வாழிட இழப்பு, இரவு விளக்குகள், பூச்சிக்கொல்லி மூன்றும் பெரிய ஆபத்துகளாகக் குறிக்கப்பட்டன. முதலாவதைத் தனி வீடு ஒன்று தடுக்க முடியாது. வீட்டு வெளிவிளக்கை அணைப்பதும் புல்லில் மருந்து தெளிக்காமல் இருப்பதும் இன்றிரவே முடியும்.

கேள்வி: நான் ஆசிரியை. பிள்ளைகள் எழுதும் எண்களை உண்மையில் யாராவது பயன்படுத்துகிறார்களா? அல்லது ஆர்வமூட்டும் விளையாட்டு மட்டும்தானா?

பயன்படுத்துகிறார்கள். நான் மேலே சொன்ன ஃபயர்ஃபிளை வாட்ச் திட்டத்துக்குப் பொதுமக்கள் அனுப்பிய 24,000-க்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு 2024-ல் ஓர் ஆய்வு வெளியானது. வானிலை, மண், நிலப்பயன்பாடு ஆகியவை மின்மினி எண்ணிக்கையோடு எப்படித் தொடர்புடையவை என்று அதில் அலசினார்கள். அத்தனை இரவுகளில் அத்தனை இடங்களில் அமர எந்த ஆய்வுக் குழுவிடம் ஆள் இருக்கிறது? அந்தக் குடும்பங்கள் அமர்ந்ததால்தான் அது முடிந்தது.

கேள்வி: இனத்தின் பெயர் தெரியாமல் அனுப்பலாமா?

தாராளமாக. உலகில் 2,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. படத்தை மட்டும் பார்த்து வல்லுநர்களே திணறுவார்கள். ஒளியின் நிறம், எத்தனை முறை மின்னி நிறுத்துகிறது, எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று எழுதினால் போதும். ஊகித்த பெயரை எழுதுவதைவிட 'தெரியவில்லை' என்று எழுதுவது மேல்.

கேள்வி: என் ஐந்து வயது மகன் இருட்டும் முன்பே தூங்கிவிடுகிறான். அவனை எப்படிச் சேர்ப்பது?

சில இனங்கள் சூரியன் மறைந்த அரை மணிக்குள் தொடங்கிவிடும், முதலில் அதைப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் பகல் வேலையை அவனிடம் கொடுங்கள். புல் எவ்வளவு உயரம், மண் ஈரமா, சருகு கூட்டப்பட்டதா என்று பார்த்துச் சொல்லட்டும். நத்தைகளையும் எண்ணட்டும். புழுக்களுக்கு உணவு இருக்கிறதா என்பதற்கு அது நல்ல அடையாளம், எங்கள் நோட்டில் நத்தைக்குத் தனிப் பத்தியே உண்டு. காலையில் அவன் எழுந்ததும் இரவு எண்ணை நீங்கள் சொல்லுங்கள், அவன் எழுதட்டும்.