கட்டடங்கள் ஏன் பின்னால் சாய்கின்றன?

அன்புள்ள ஐயா,

மே மாதம் பத்து நாட்கள் பாரிஸுக்கும் பார்சிலோனாவுக்கும் போகிறேன். போன பயணத்தில் எடுத்த படங்களில் கட்டடங்கள் எல்லாம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் இருக்கின்றன, எதிலும் ஒரே கூட்டம். வைட் ஆங்கிள் லென்ஸ் ஒன்று வாங்கினால் சரியாகுமா? இரவில் ஈபிள் கோபுரத்தைப் படமெடுப்பது குற்றம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார், உண்மையா?

க.

அன்புள்ள க.,

லென்ஸ் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் பார்சிலோனாவில் இன்னும் ஒரு நாள் தங்குங்கள்.

சாய்வுக்குக் காரணம் நாம் கேமராவை அண்ணாந்து பிடிப்பதுதான். அதன் முதுகு சுவருக்கு இணையாக நிமிர்ந்திருந்தால் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே விழும், கொஞ்சம் தூக்கினாலும் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்கிவிடும். அகலமான காட்சியைப் பிடிக்கிற வைட் ஆங்கிள் கையில் இருந்தால் கட்டடத்தின் காலடிக்கே போய் நின்று இன்னும் அண்ணாந்து எடுப்போம், அதனால் சாய்வு கூடத்தான் செய்யும். பின்னால் நகர முடிந்தால் நகருங்கள். குறுகலான தெருவென்றால் எதிரே இரண்டு மூன்று மாடி ஏற வழியிருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் இல்லையென்றால் கேமராவை நேராகவே பிடித்து எடுத்துவிட்டு, கீழே வரும் வெறும் சாலையைப் பிறகு வெட்டிவிடலாம். மென்பொருளில் நிமிர்த்தலாம்தான், ஆனால் அப்போது ஓரங்கள் வெட்டுப்படும், எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விடுங்கள். (உச்சி ஓரத்தில் முட்டி நிற்கிற படத்தைக் காப்பாற்றுவது கஷ்டம்.)

உங்கள் கடிதத்தில் வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே, எனக்கு அதுதான் கவலை. பார்சிலோனாவின் சக்ரதா ஃபமீலியா தேவாலயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பக்கம் இருக்கிற, இயேசுவின் பிறப்பைச் சொல்லும் முகப்பில் காலை வெயில் விழும்போது கல்லில் செதுக்கிய இலை, பறவை, முகம் ஒவ்வொன்றுக்கும் தனி நிழல் கிடைக்கும். மாலையில் போனால் அதே முகப்பு தட்டையாக நிற்கும். மேற்கிலுள்ள, அவர் பட்ட பாடுகளைச் சொல்லும் முகப்புக்கு மாலைதான் நேரம். உள்ளேயும் அப்படித்தான், கிழக்குச் சன்னல்களின் கண்ணாடியில் நீலமும் பச்சையும், மேற்கில் சிவப்பும் ஆரஞ்சும், காலையில் குளத்துக்குள் நிற்பதுபோல் இருக்கிற மண்டபம் மாலையில் தணலாக மாறிவிடும். நுழைவுச்சீட்டில் நேரம் குறித்தே தருகிறார்கள், எனவே எந்த நிறம் வேண்டும் என்று முதலில் முடிவுசெய்துவிட்டு அப்புறம் சீட்டு எடுங்கள்.

நான் ஓர் ஊருக்கு மூன்று கட்டடங்களுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை போவேன். முதல் தடவை கேமராவை வெளியே எடுக்கவே மாட்டேன், சுற்றி நடந்து எந்தச் சுவர் எந்தத் திசை, எதிரே என்ன மறைக்கிறது என்று மட்டும் பார்ப்பேன்.

கூட்டத்துக்கு வருகிறேன். 1838இல், புகைப்படக் கலையின் முன்னோடி லூயி டாகேர் உயரத்திலிருந்து எடுத்த பாரிஸ் வீதி ஒன்றின் படம் இருக்கிறது. நடமாட்டம் மிகுந்த வீதி, படத்தில் காலியாகக் கிடக்கிறது, ஏனென்றால் பல நிமிடம் ஒளி விழ வேண்டியிருந்ததால் நகர்ந்தவர்கள் யாரும் பதியவில்லை. காலணிக்கு மெருகு போடச் சொல்லி ஓரிடத்தில் நின்ற ஒருவர் மட்டும் தெளிவாகப் பதிந்துவிட்டார். இன்றும் லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கிற அடர்த்தியான என்டி ஃபில்டர் மாட்டி, கேமராவை முக்காலியில் வைத்து ஷட்டரை அரை நிமிடம் திறந்துவைத்தால் நடக்கிறவர்கள் மறைந்துபோவார்கள். ஆனால் நான் அதைச் செய்வதில்லை. டாகேரின் அந்தப் படத்தில் என் கண் ஒவ்வொரு முறையும் போய் நிற்பது அந்த ஒரு மனிதரிடம்தான். கதவருகே ஓர் ஆள் நின்றால்தான் கதவு எவ்வளவு பெரிது என்று தெரியும். கூட்டம் வேண்டவே வேண்டாம் என்றால் விடிந்ததும் போய்விடுங்கள்.

ஈபிள் விஷயத்தில் நண்பர் சொன்னது பாதி சரி. கோபுரம் 1889இல் திறந்தது, அதன் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, பகல் படங்களுக்குச் சிக்கல் இல்லை. இரவு விளக்கமைப்பு மிகவும் பிந்தியது, அதைத் தனிப் படைப்பாகக் கருதி உரிமை கோருகிறார்கள். விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ என்றால் கோபுர நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். உங்கள் சொந்த ஆல்பத்துக்குத் தாராளமாக எடுக்கலாம். முழு இருட்டு வரைக்கும் காத்திருக்காதீர்கள், சூரியன் மறைந்து இருபது முப்பது நிமிடத்தில் வானம் அடர்நீலமாக இருக்கும்போதுதான் விளக்கும் இரும்புச் சட்டங்களும் சேர்ந்து தெரியும். மே மாதத்தில் அங்கே சூரியன் மறையவே இரவு ஒன்பதைத் தாண்டிவிடும், சாப்பாட்டை முன்னாலேயே முடித்துக்கொண்டு போங்கள்.