தோழி வீட்டில் மூன்று வாரம்: புவெனஸ் ஐரிஸுக்கு எப்படிப் போவது, எப்படி இருப்பது?

கேள்வி: கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி, பல வருடங்களாக அர்ஜென்டினாவில், புவெனஸ் ஐரிஸில் இருக்கிறாள். “மூணு வாரம் வந்து சும்மா இருந்துட்டுப் போடி” என்கிறாள். எனக்கு வயது 57. இடம் இடமாக ஓடிப் பார்க்கும் ஆசை இல்லை. முட்டை சாப்பிடுவேன், கறி, மீன் கிடையாது. அவளுக்குச் சுமையாகவும் இருக்கக் கூடாது. எப்போது போகலாம், எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?
– வாசகி, திருச்சி

பதில்: முதலில் ஊசி. பலரும் கோட்டை விடுவது இதில்தான். புவெனஸ் ஐரிஸ் நகரத்தில், கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சல் (yellow fever) பயம் இல்லை. ஆனால் நம் அரசின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் அர்ஜென்டினா முழு நாடாக இருக்கிறது. தடுப்பூசிச் சான்று இல்லாமல் திரும்பி வந்தால், உங்களை 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். அதன்பின் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். இது உயிருள்ள நுண்ணுயிர்த் தடுப்பூசி. 60 வயதைக் கடந்தால் மருத்துவர்கள் யோசித்துத்தான் போடுவார்கள். 57 என்கிறீர்கள், தள்ளிப்போடாதீர்கள். முட்டை ஒவ்வாமையோ எதிர்ப்புச்சக்தியைக் குறைக்கும் மாத்திரையோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத் தளத்தைப் பாருங்கள். தோழியிடம் ஓர் அழைப்புக் கடிதமும் வாங்கி வையுங்கள்.

போவதற்கு நவம்பர் நல்ல மாதம். அங்கே அது வசந்தம். தெருக்களில் ஜகராண்டா மரங்கள் ஊதாவாகப் பூத்துக் கொட்டிக் கிடக்கும். ஜனவரியில் புழுக்கம் அதிகம், வசதியுள்ளவர்கள் கடற்கரை ஊர்களுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இனி, உங்களை உண்மையில் படுத்தப்போவது கடிகாரம். அவர்கள் நமக்கு எட்டரை மணி நேரம் பின்னால். அது போதாதென்று, இரவுச் சாப்பாடே 9 மணிக்குத்தான் தொடங்கும். உங்கள் உடம்புக்கு அது விடியற்காலை ஐந்தரை! நான் முதல்முறை போனபோது வீட்டுக்காரர்கள் மேசையில் தட்டு வைக்கும் நேரம் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். முதல் மூன்று நாளைக்கு எந்தத் திட்டமும் வேண்டாம். மதியம் ஒரு மணி நேரம் படுங்கள். மாலை 5, 6 மணிவாக்கில் ‘மெரியெந்தா’ என்று காபியும் பலகாரமும் சாப்பிடுவார்கள். அதை விட்டுவிடாதீர்கள், ஒன்பது மணி வரை தாங்க அதுதான் வழி. சாப்பிட்டு முடித்ததும் எழுந்து தட்டைக் கழுவப் போகாதீர்கள். காலித் தட்டுகளை வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் பேசுவது அங்கே வழக்கம். அதற்கு ‘சோப்ரெமேசா’ என்று தனிப்பெயரே உண்டு. நீங்கள் போவதே அந்தப் பேச்சுக்காகத்தானே?

சுமையாக இருக்கக் கூடாது என்றால், போன அன்றே தனிச் சாவி கேளுங்கள். அங்குள்ள பல அடுக்குமாடிகளில் வெளிவாசலை உள்ளேயிருந்து திறப்பதற்கும் சாவி வேண்டும். சாவி இல்லாவிட்டால், ஒவ்வொரு முறை நீங்கள் வெளியே போகவும் வரவும் அவர் கீழே இறங்கி வரவேண்டும். இதைவிடப் பெரிய சுமை வேறில்லை. காலையில் மூலைக் காய்கறிக் கடைக்கு நீங்களே போய்வாருங்கள். ‘டயட்டெட்டிகா’ எனப்படும் கடைகளில் பருப்பு, மஞ்சள்தூள் எல்லாம் எடைபோட்டுத் தருவார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் சமையல் உங்களுடையது என்று சொல்லிவிடுங்கள், மறுக்கமாட்டார்.

சாப்பாட்டில் கொஞ்சம் சூதானம் தேவை. ‘கார்னே’ (இறைச்சி) வேண்டாம் என்றால் அவர்கள் காதில் மாட்டிறைச்சி வேண்டாம் என்றுதான் விழும். கோழியோ பன்றித்துண்டோ வந்து நிற்கும். ‘சோய் வெஹெத்தாரியானா, சின் ஹமோன், சின் போஷோ’ என்று ஹாம், கோழி இரண்டையும் சேர்த்தே விலக்குங்கள். பிறைவடிவ மெதியலூனா பன்னில் இரண்டு வகை: ‘மந்தேகா’ என்றால் வெண்ணெய், ‘கிராசா’ என்றால் கொழுப்பு, பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு. சோளம் அடைத்த எம்பனாதாவும் (நம் சோமாஸ் மாதிரி) சைவம்தானே என்று எடுத்துவிடாதீர்கள், மேல்மாவில் அதே கொழுப்பு இருக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கவலையில்லாமல் சாப்பிட பீட்சா கடையில் ‘ஃபைனா’ இருக்கிறது: கடலைமாவு, தண்ணீர், எண்ணெய். நம்மூர் அடைக்குத் தூரத்துச் சொந்தம். வெங்காயமும் சீஸும் போட்ட ஃபுகஸேத்தா பீட்சாவோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை யாராவது ‘அசாதோ’ என்னும் கறி சுடும் விருந்துக்கு அழைத்தால் போய்வாருங்கள். கத்திரிக்காய், குடமிளகாய், சுட்ட சீஸ் உங்களுக்குக் கிடைக்கும். கறி வாசம் வயிற்றைப் புரட்டும் என்றால் மட்டும் தவிருங்கள்.

மாத்தே நிச்சயம் நீட்டப்படும். கசப்பான இலைநீர், ஒரே குடுவை, ஒரே உலோகக் குழல், சுற்றில் எல்லோரும் உறிஞ்சுவார்கள். எச்சில் என்று தயங்கினால் முதலிலேயே சிரித்தபடி மறுத்துவிடலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். குடித்தால் குழலை ஆட்டக் கூடாது. தீரும்வரை உறிஞ்சிவிட்டு, ஊற்றுபவரிடமே குடுவையைத் திருப்பித் தரவேண்டும். ‘கிராசியாஸ்’ என்று நன்றி சொன்னால் ‘எனக்குப் போதும்’ என்று பொருள். நம் பழக்கத்தில் முதல் சுற்றிலேயே நன்றி சொல்லிவிட்டு, பிறகு ஏன் என்னிடம் வரவில்லை என்று யோசித்தவன் நான்.

சுற்றிப் பார்க்க நாளுக்கு ஒன்று போதும். ஞாயிறன்று சான் டெல்மோ தெருச்சந்தை, பழைய நாடக அரங்கைப் புத்தகக் கடையாக்கிய எல் அதெனேயோ, 1858-இல் தொடங்கிய கஃபே தொர்தோனி. ஆனால் ஒரே ஓர் இடம் என்றால் நான் சான் இசித்ரோவைச் சொல்வேன். ரெத்திரோ நிலையத்திலிருந்து ரயில். 1924 நவம்பரில் பெரு போகும் வழியில் உடல்நலம் கெட்டு இங்கே இறங்கிய தாகூரை, எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ இந்த ஊரில் ஆற்றைப் பார்த்த ஒரு வீட்டில் தங்கவைத்தார். ஓய்வுக்கு ஒரு வாரம் என்று தொடங்கி, ஜனவரி வரை இருந்தார் தாகூர். நாற்காலியில் சாய்ந்து கவிதை எழுதினார். ‘பூரபி’ தொகுப்பை ஒகாம்போவுக்கே, ‘விஜயா’ என்று பெயரிட்டுக் காணிக்கையாக்கினார். தாகூருக்குப் பிடித்துப்போன அந்த நாற்காலியை ஒகாம்போ கப்பலில் ஏற்றியே அனுப்பிவிட்டார். ஒகாம்போவின் சொந்த வீடு இன்று யுனெஸ்கோவிடம் இருக்கிறது. திறக்கும் நாட்களைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

தோழிக்கு என்ன கொண்டுபோவது? பச்சைக் கறிவேப்பிலையையும் விதைகளையும் சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். கடையில் சீல் வைத்த காபிப்பொடி, ஒரு பித்தளை ஃபில்டர், இரண்டு டபரா செட். அவர் ஊரில் டபரா கிடைக்காது.