போள் வீட்டுச் சுவரில் ஓதம்: சிமெண்டு பூசலாமா?

கேள்வி: அகமதாபாத் மணிநகரில் குடியிருந்த நாங்கள், கோட்டைச் சுவருக்குள் அடங்கிய பழைய நகரத்தில், காடியா பகுதியில் ஒரு போள் வீட்டை (போள் என்பது ஒரே வாசலுக்குள் வீடுகள் நெருங்கி நிற்கும் பழைய குடியிருப்பு) வாங்கியிருக்கிறோம். முற்றத்தை ஒட்டிய சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறிக் காரை உதிர்கிறது. சிமெண்டு பூசிவிட்டு, முற்றத்துக்கு அடியிலுள்ள பழைய தொட்டியையும் இடிபாடு கொட்டி மூடிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். உங்கள் வீடு வெறும் செங்கல் கட்டடம் அன்று. ஒரே வாசலுக்குள் நெருங்கி நிற்கும் போள் வீடுகளில் சுமையைத் தாங்குவதில் பெரும்பங்கு தேக்குமரத் தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் உண்டு; செங்கல் வரிசைகளுக்கு இடையிலும் கிடையாக மரச்சட்டங்கள் ஓடும். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் அந்நகரின் புதிய அடுக்குமாடிகள் சில சரிந்தபோது, பழைய போள் வீடுகள் பலவும் நிலைத்து நின்றதற்கு இந்த நெகிழ்வான கட்டுமானம் ஒரு முக்கியக் காரணம்.

மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புக் காரையின் வழியே ஆவியாகி வெளியேறிவிடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரம் மேலும் உயர்ந்து சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர நுனிகளை எட்டி அவற்றை உளுக்கச் செய்கிறது. உப்பும் செங்கல்லுக்குள்ளேயே படிந்து அதைப் பொடியாக்குகிறது. பூசிய முதல் ஓரிரு ஆண்டுகள் சுவர் பளிச்சென்று இருப்பதால்தான் பலர் இதை நம்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

இனி தொட்டிக்கு வருவோம். அங்குள்ளோர் டாங்கா என்று அழைக்கும் அது, கூரையில் விழும் மழைநீரைக் குழாய் வழியே இறக்கி, வெளிச்சம் படாமல் ஆண்டு முழுவதும் காக்கும் நிலத்தடி நீர்த்தொட்டி. அதை மூடினால் கூரைநீர் போக இடமின்றி முற்றத்தில் பரவிச் சுவரின் அடியில்தான் ஊறும். கூரைநீர் இப்போதே தொட்டிக்குப் போகாமல் பரவுவதுதான் உங்கள் வீட்டு ஓதத்துக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்பதால், கூரைக்குழாய் இன்னமும் தொட்டிக்குள் இறங்குகிறதா, நடுவில் உடைந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பிற்காலத்தில் மாடியில் சேர்த்த குளியலறைக் குழாய்களையும் விட்டுவிடாதீர்கள்.

நீர் வரும் வழியைச் சரிசெய்த பிறகு, உதிரும் காரையை உளியால் கையாலேயே கொத்தி எடுத்து, அவ்வூரின் நீண்ட வறண்ட கோடை முழுவதும் சுவரைக் காயவிடுங்கள். புதிய சுண்ணாம்புக் காரை மெல்ல இறுக வேண்டியது. மே மாத வெயிலில் பூசினால் வெடிக்கும். மழைக்காலம் முடிந்து ஐப்பசி, கார்த்திகையில் பூசி, சில வாரங்கள் ஈரம் காயாமல் தெளித்துவருவது நல்லது. தொட்டியை மழைக்கு முன் தூர்வாரி, உட்சுவரில் சுண்ணாம்பு பூசி, முதல் மழைநீரை வெளியே விட்டபின் நிரப்புங்கள். குடிப்பதற்கு முன் நீரைப் பரிசோதிப்பது அவசியம்.

1411-இல் அகமது ஷா நிறுவிய அந்நகரம், 2017-இல் இந்தியாவின் முதல் உலகப் பாரம்பரிய நகரமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டது. உங்கள் வீடு பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்பதை மாநகராட்சியில் கேட்டறிந்து, இருந்தால் அனுமதி பெற்ற பிறகே வேலையைத் தொடங்குங்கள். அதுவரை காத்திருக்கும் நாட்களில், ஓதம் ஏறிய பகுதியிலுள்ள உத்தர நுனிகளைத் தச்சர் ஒருவரைக் கொண்டு கூரிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி தடையின்றி இறங்கினால், காரையைத் தொடுவதற்கு முன்பே அந்த உத்தரத்துக்கு முட்டுக்கொடுத்துவிட வேண்டும்.